தோட்டத்துப் பேயும் டிக்கெட் பேயும்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 31, வியாழக்கிழமை. மலேசியத் தமிழர்களுக்கு அன்று தீபாவளி. மேலைநாட்டாருக்கு அன்றே ஹாலோவீன். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததில் ஒரு வேடிக்கை இருந்தது. ஒரு பக்கம் விளக்கேற்றி இருட்டை விரட்டினார்கள். இன்னொரு பக்கம் விளக்கை அணைத்து இருட்டை டிக்கெட் போட்டு விற்றார்கள்.

கேமரன் மலையில், பிரிஞ்சாங் வட்டாரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கும் இப்போது ஹாலோவீன் புதிய சொல் அல்ல. அக்டோபர் பிறந்தால் கைத்தொலைபேசியில் பேய் வீட்டு விளம்பரம் வந்து நிற்கிறது. "தீபாவளிக்குத் துணி வேண்டாம்பா, பேய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். காசு கொடுத்தா பயப்பட வேண்டும்? அதற்காக நான்கு மணி நேரம் பயணம் செய்து மலையிறங்க வேண்டுமா? பிள்ளை பயந்து காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பது?

நியாயமான கேள்விகள்தாம். பதில் சொல்வதற்கு முன்னால் இந்தப் பேய் வீடு என்பது என்ன, உள்ளே என்ன நடக்கிறது, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மலையில் ஏற்கெனவே இருந்த பயம்

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள பிரிஞ்சாங் மலையோ 2,000 மீட்டரைத் தாண்டும். மாலையில் மூடுபனி இறங்கினால் எதிரே வரும் ஆள் தெரியாது. போ நிறுவனம் 1929-இல் கேமரன் மலையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிய பிறகு, காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கொழுந்து பறித்த கைகளில் தமிழர் கைகள் ஏராளம். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் வளைந்த சாலையில் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே இரவு என்றால் இரவுதான்.

அந்த இருட்டில் பிறந்த கதைகள் பல. "வெளக்கு வெச்ச பெறகு அந்தப் பக்கம் போவாதடா" என்று பாட்டி சொன்னால் அதில் ஒரு பேய் இருக்கும். ஓடையோரம் வெள்ளைச் சேலைக்காரி நிற்பாள், பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் அந்தப் பேய் நின்ற இடங்கள் எல்லாம் உண்மையிலேயே ஆபத்தான இடங்கள் என்பது புரியும். மழையில் வழுக்கும் சரிவு, ஆழமான காண்டாவாய், பாம்பு கிடக்கும் புதர், வழி தவறினால் விடிந்தாலும் வெளியே வர முடியாத காடு. "சரிவு வழுக்கும்" என்று சொன்னால் எட்டு வயதுப் பையன் கேட்க மாட்டான். "அங்கே அவள் நிற்கிறாள்" என்றால் கேட்பான். தோட்டத்துப் பேய்க்குச் சம்பளமில்லாத காவல் வேலை.

காட்டின் ஆபத்து வெறும் கட்டுக்கதை அல்ல என்பதற்குக் கேமரன் மலையே சாட்சி. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தை உலகறியச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு மாலை, தாம் விருந்தாளியாகத் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே நடந்தார். திரும்பி வரவே இல்லை. போலீஸ், இராணுவம், ஒராங் அஸ்லி மக்கள் என்று பலரும் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. கடத்தல் என்றார்கள், புலி என்றார்கள், பேய் என்றும் சொன்னார்கள். இன்றுவரை விடை இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனியாண்டியும் முனீஸ்வரரும் பேய்கள் அல்லர். அவர்கள் காவல் தெய்வங்கள். சுருட்டு வைத்துப் படைப்பதும், எல்லை தாண்டும்போது கையெடுத்துக் கும்பிடுவதும் பயத்தால் மட்டும் நடப்பதல்ல. அதில் உரிமையும் இருக்கிறது. கேளிக்கைக்குச் செய்த பேய் வீட்டையும் எல்லைச்சாமியையும் சில இளைஞர்கள் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசும்போது பெரியவர்கள் முகம் சுளிப்பதில் அர்த்தம் உண்டு.

விற்பனைக்கு வந்த பேய்

ஹாலோவீனின் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளில் கொண்டாடப்பட்ட சம்ஹெய்ன் என்ற பழைய அறுவடை முடிவுத் திருநாளில் இருப்பதாகச் சொல்வார்கள். பின்னர் நவம்பர் 1-இல் வரும் கிறிஸ்துவப் புனிதர்கள் திருநாளுக்கு முந்திய இரவு என்ற கணக்கில் அது நிலைத்தது. பிழைப்புத் தேடிப் போன மக்களோடு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1930-களின் பொருளாதாரச் சரிவுக் காலத்தில், ஹாலோவீன் இரவில் பையன்கள் தெருவில் இறங்கிக் கண்ணாடியை உடைப்பதும் வேலியைப் பிடுங்குவதுமாகத் தொல்லை பெருகியது. அவர்களை வீட்டுக்குள் இழுக்க, பெற்றோர்களே நிலவறையை இருட்டாக்கி, ஈரக் கந்தலைத் தொங்கவிட்டு, சின்னச் சின்னப் பேய் அறைகளைச் செய்தார்கள். அதாவது அங்கேயும் பேய் முதலில் பார்த்தது காவல் வேலைதான்!

வியாபாரம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஆர்ட்டன் அண்ட் ஸ்பூனர் நிறுவனம் 1915-இல் செய்த நீராவிப் பேய் வீடு, இன்றும் ஹாலிகோம்ப் என்ற இடத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1969 ஆகஸ்டில் டிஸ்னிலேண்ட் தன் பேய் மாளிகையைத் திறந்தது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, இரவில் மட்டும், தனி டிக்கெட் போட்டுப் பூங்கா முழுவதையும் பேய்க்காடாக மாற்றும் வழக்கத்துக்கு வழிகாட்டியது கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். 1973-இல் மூன்று இரவுகளுக்கு என்று அங்கே ஆரம்பித்தார்கள். ஃபுளோரிடாவில் யுனிவர்சல் பூங்கா 1991-இல் தொடங்கி, மறு ஆண்டு "ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்" என்று பெயர் வைத்தது. காரணம் ரொம்ப எளிமையானது. கோடை விடுமுறை முடிந்தால் பூங்காக்களில் கூட்டம் குறையும். காலியாகக் கிடக்கும் இடத்தை இரவில் வாடகைக்கு விட்டதுபோல் ஆயிற்று.

அந்தப் பெயர் 2011-இல் சிங்கப்பூர் செந்தோசாவுக்கு வந்தது. மலேசியாவில் பண்டார் சன்வேயில் உள்ள சன்வே லகூன், 2013-இல் "நைட்ஸ் ஆஃப் ஃபிரைட்" என்ற அக்டோபர் இரவுகளை ஆரம்பித்தது. அந்தப் பூங்கா, கைவிடப்பட்ட ஈயச் சுரங்கப் பள்ளத்தில் எழுந்த ஒன்று என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பேய்க் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மண் வேண்டுமா என்ன!

ஹாலோவீன் என்ற பெயர் வராத காலத்திலும் இந்த நாட்டில் பேய் வீடு உண்டு. ஊர் ஊராகக் கூடாரம் போடும் பன்ஃபேரில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் "ரூமா ஹந்து" என்று எழுதிய தகரக் கொட்டகை நிற்கும். உள்ளே நூல் கட்டிய எலும்புக்கூடு, முகத்தில் உரசும் ஈரத்துணி, கடைசியில் துரத்தி வரும் ஓர் ஆள். அவ்வளவுதான். அதில் பயந்து அலறிய அப்பாக்கள்தாம் இன்று பிள்ளைகளிடம் "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிறார்கள்.

தமிழுக்கும் பேய் புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கும் பகுதி அருவருப்பும் சிரிப்பும் கலந்தது. காரைக்கால் அம்மையார் கேட்டு வாங்கியதே பேய் உருவம். சந்திரமுகி, காஞ்சனா, அரண்மனை என்று தமிழ்ப் படங்கள் பயத்தையும் சிரிப்பையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி வெற்றி கண்டன. குலசேகரன்பட்டினம் தசராவில் பக்தர்கள் காளி வேடமும் பேய் வேடமும் கட்டி வீடு வீடாகப் போகிறார்கள். அங்கே வேடம் கட்டுவது நேர்த்திக்கடன். பூங்காவில் வேடம் கட்டுவது மணிக்கணக்குச் சம்பளத்துக்கு. வேறுபாடு அங்கேதான்.

பேய் வகையிலும் மாற்றம் வந்தது. பூசணிக்காயையும் சூனியக்காரியையும் பார்த்து நம் வட்டாரத்து ஆள் அதிகம் பயப்பட மாட்டார். 2018-இல் சிங்கப்பூர்ப் பூங்கா போந்தியானாக்குக்கென்றே ஒரு வீடு கட்டியது. பிரசவத்தில் இறந்த பெண் பேயாக வருவாள் என்பது மலாய் நம்பிக்கை. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவள் வருவாள் என்று தோட்டத்து லயங்களிலும் சொல்வார்கள். மருத்துவமனை தூரமாக இருந்து, பிரசவம் என்பது செத்துப் பிழைப்பதாக இருந்த காலத்தின் துக்கம் அது. அந்தக் கதையை முதன்முதலில் பெரிய அளவில் திரைக்குக் கொண்டுவந்த 1957-ஆம் ஆண்டின் "போந்தியானாக்" படத்தை இயக்கியவர் கேரளத்திலிருந்து வந்த பி. என். ராவ் என்பது பலருக்குத் தெரியாது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய மாளிகை. உள்ளே போனால் அது ஒரு நீளமான, வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை. அகலம் குறைவு, கூரை தாழ்வு. ஒரே கூடத்துக்குள் பலகையால் தடுப்புப் போட்டுப் பாதையைப் பாம்பு போல மடித்திருப்பார்கள். அதனால்தான் சின்ன இடம் பெரிதாகத் தெரிகிறது. நான்கைந்து நிமிட நடை, அரை மணி நேரம் போலத் தோன்றும்.

ஆட்களைச் சின்னச் சின்னக் குழுவாக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். முன்னால் போன குழு எங்கே அலறியது என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அந்த இடத்தின் வேலை கெட்டுவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மறைவிடம். அதற்குள் வேடம் கட்டிய நடிகர் ஒருவர். அவருடைய தொழில் நுட்பம் முகமூடியில் இல்லை, நேரம் பார்ப்பதில் இருக்கிறது. இடது பக்கம் தொட்டிலில் ஒரு பொம்மை தானாக ஆடும். எல்லார் கண்ணும் அங்கே போகும். அந்த நொடியில் வலது பக்கத்துப் பலகை படாரென்று திறக்கும். கழைக்கூத்தாடியும் மந்திரவாதியும் காலங்காலமாகச் செய்த அதே கண்கட்டு.

படார் என்ற சத்தம் கேட்டதும் தோள் குறுகுகிறது, கண் மூடுகிறது, கழுத்து உள்ளே இழுக்கிறது. "அது பலகைதான்" என்று மூளை புரிந்துகொள்வதற்கு முன்பே உடம்பு இதைச் செய்துவிடுகிறது. வீரனுக்கும் கோழைக்கும் இதில் பேதமில்லை. பிறகு அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அடுத்த கணம் "ஒன்றுமில்லை" என்று மூளை தீர்ப்புச் சொல்கிறது. பயத்துக்காகச் சேர்ந்த அவ்வளவு வேகமும் போக இடமில்லாமல் சிரிப்பாக வெளியே வருகிறது. பேய் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியும். அழுதுகொண்டு வெளியே வருபவர்களைவிடச் சிரித்துக்கொண்டு வருபவர்கள் அதிகம்.

இதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வைலே என்ற ஊரில் இயங்கிய பேய் வீட்டுக்குள் 110 பேரை நெஞ்சுத் துடிப்பை அளக்கும் கருவியோடு அனுப்பினார்கள். முடிவு 2020-இல் வெளியானது. பயம் ரொம்பக் குறைவாக இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி இல்லை. ரொம்ப அதிகமாக இருந்தவர்களுக்கும் இல்லை. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. சாம்பாருக்குப் புளி போல, கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதான் பெற்றோர் கவனிக்க வேண்டியது. அண்ணனுக்குச் சரியாக இருந்தது தம்பிக்கு அதிகமாக இருக்கலாம்.

அதே ஆய்வாளர்கள் இன்னொரு முறை பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் முடிந்தவரை பயத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் முடிந்தவரை அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்கியவர்கள் கண்ணை மூடினார்கள், "இது வேடம்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்கள், பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தார்கள். கடைசியில் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியோடு வெளியே வந்தார்கள். எனவே உள்ளே போய்க் கண்ணை மூடிக்கொண்ட பிள்ளையை "பணத்தை வீணாக்கிட்டியே" என்று திட்ட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை பயத்தைக் கையாளத்தான் செய்திருக்கிறது.

நடிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இளைஞர்கள், பகுதி நேர வேலை. மாலையிலேயே ஒப்பனைக்கு உட்கார வேண்டும். ரப்பர் முகமும் கனத்த உடையும் போட்டுக்கொண்டு, புழுக்கத்தில், ஒரே அலறலை ஓரிரவில் நூற்றுக்கணக்கான தடவை அலற வேண்டும். தொண்டை கட்டிவிடும். பார்வையாளரைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. பெரும்பாலான பூங்காக்களில் பார்வையாளர்களுக்கும் அதே விதிதான். ஆனால் திடுக்கிட்டவர் கை சும்மா இருக்காது. பேய் அடித்ததாக மனிதன் சொன்ன கதை நிறைய உண்டு. மனிதன் அடித்ததைப் பேய் போய் யாரிடம் சொல்லும்?

ஒரு மே மாதம், எட்டுப் பிள்ளைகள்

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிச் சொல்வது வேடிக்கை அல்ல.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் என்ற பெரிய பூங்கா. அங்கே "ஹான்டட் காசில்" என்ற பேய்க் கோட்டை இருந்தது. முகப்பு கோட்டை மாதிரி இருந்தாலும், உள்ளே அது லாரி இழுக்கும் பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்துச் செய்த இருட்டுப் பாதை. சக்கரம் வைத்த பெட்டிகள் என்பதால் அது தற்காலிக அமைப்பு என்று கணக்கிடப்பட்டு, நிரந்தரக் கட்டடத்துக்கு உரிய சோதனையிலிருந்து தப்பியது. தானாக நீர் தெளிக்கும் கருவி இல்லை. புகையைக் கண்டு எச்சரிக்கும் கருவியும் இல்லை.

1984 மே 11 மாலை. இருட்டில் வழி தெரியாத ஒரு சிறுவன் லைட்டரைப் பற்றவைத்து நடந்தபோது, சுவரில் பொருத்தியிருந்த பஞ்சு மெத்தையில் தீ பிடித்தது என்று பின்னர் சாட்சிகள் சொன்னார்கள். தீ நிமிடங்களில் பாதை முழுவதும் பரவியது. பதின்ம வயதினர் எட்டுப் பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 1985-இல் நீதிமன்றம் குற்றமற்றது என்று விடுவித்தது. எட்டு வீடுகளில் பிள்ளைகள் இல்லை.

அந்தக் கோட்டைக்குள் இருந்தவர்களின் நிலையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால் போதும். புகை வருகிறது. பேய் வீட்டில் புகை வரத்தானே செய்யும்? யாரோ அலறுகிறார்கள். பேய் வீட்டில் அலறத்தானே செய்வார்கள்? வழி குழப்புகிறது. குழப்புவதற்குத்தானே அந்தப் பாதையைப் போட்டார்கள்? மற்ற இடங்களில் மனிதனை எச்சரிக்கும் அத்தனை அறிகுறியும் பேய் வீட்டில் அலங்காரம் ஆகிவிடுகிறது.

பிரிஞ்சாங் பாட்டியின் பேய்க்கும் பூங்காப் பேய்க்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பாட்டியின் பேய் பிள்ளையைச் சரிவுக்குப் போகாமல் தடுத்தது. பூங்காப் பேய் எதையும் தடுப்பதில்லை, "உள்ளே வா" என்கிறது. ஆகவே அந்தக் காவலை வேறு யாராவது பார்த்தாக வேண்டும். மின்சார வேலை செய்தவர், கதவு வைத்தவர், உரிமம் கொடுத்த அதிகாரி, வாசலில் டார்ச் விளக்கோடு நிற்கும் பணியாளர் எல்லாரும் சேர்ந்துதான் அந்த இடத்து முனியாண்டி.

அந்தத் தீக்குப் பிறகு அமெரிக்க விதிகள் கடுமையாயின. இத்தகைய இருட்டுக் கேளிக்கை இடங்களைத் தனி வகையாகப் பிரித்து, நீர் தெளிப்பானும் புகை உணரியும் கட்டாயம் என்றார்கள். புகை உணரி வேலை செய்தவுடன் எல்லா விளக்கும் எரிய வேண்டும், பயமுறுத்தும் சத்தமும் காட்சியும் தாமாக நின்றுவிட வேண்டும் என்றும் விதித்தார்கள். நாடகம் நின்றால்தான் ஆபத்து உண்மை என்று கூட்டத்துக்குத் தெரியும். மலேசியாவிலும் 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள், 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம் ஆகியவை பொது இடங்களின் தீப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகின்றன. நிரந்தரமான பெரிய பூங்காவுக்கு இவற்றின்படி சோதனை நடப்பதை எதிர்பார்க்கலாம். கவலைப்பட வேண்டியது ஒரு வாரத்துக்கு மட்டும் முளைக்கும் கொட்டகைகளைப் பற்றித்தான். பள்ளி மண்டபத்திலோ வாடகைக் கடையிலோ கறுப்பு பிளாஸ்டிக்கைச் சுற்றித் தொங்கவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரே ஒரு கதவு வைத்து ஆசையோடு செய்யும் பேய் வீடுகள் அவை. செய்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நியூ ஜெர்சியிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

உள்ளே நுழையும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ரொம்பப் பயமாக இருக்குமா?" என்பதல்ல. "பாதியில் வெளியே வர வேண்டுமென்றால் எந்தக் கதவு?" என்பதுதான். நன்றாக நடத்தும் இடத்தில் பணியாளர் தயங்காமல் பதில் சொல்வார். அந்தப் பதில் வராத இடத்தில் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுவது நல்லது. லைட்டர், தீப்பெட்டி கையில் வேண்டாம். கைத்தொலைபேசி விளக்கு இருக்கிறது.

யாருக்கு ஆகாது?

வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு வெட்டி வெட்டி எரியும் ஒளி ஆகாது. பேய் வீட்டில் அந்த ஒளி சர்வ சாதாரணம். நெஞ்சு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உள்ளே போக வேண்டாம் என்று பூங்காக்களே அறிவிப்பு வைக்கின்றன. செயற்கைப் புகையால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மூச்சு இழுக்கலாம். வயதைப் பொறுத்தவரை, ஃபுளோரிடா யுனிவர்சல் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தன் பேய் இரவுகளைப் பரிந்துரைப்பதில்லை. சின்னப் பிள்ளைக்கு வேடம் என்று சொன்னால் புரியும். ஆனால் இருட்டில், இரவு பத்து மணிக்கு, அந்தப் புரிதல் ஓடிவிடும். "ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா?" என்று சொல்லித் தள்ளிவிடும் மாமாக்கள் கொஞ்சம் அடங்கியிருப்பது உத்தமம்.

முஸ்லிம் நண்பர்களை அழைக்கும்போதும் யோசனை தேவை. ஹாலோவீன் கொண்டாட்டம் இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வாது என்ற தேசிய ஃபத்வா மன்றத்தின் கருத்து 2015-இல் செய்தியாக வந்தது. வற்புறுத்தாமல் விடுவதுதான் மரியாதை.

இன்னொன்று பெரும்பாலும் பேசப்படுவதில்லை. உலகெங்கும் பேய் வீடுகளில் அடிக்கடி வரும் காட்சி கைவிடப்பட்ட மனநல மருத்துவமனை. கட்டுப்போட்ட நோயாளி கம்பிக்குப் பின்னாலிருந்து பாய்வார். 2016-இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம், மனநோயாளியைக் கட்டாயமாக அடைத்து வைக்கும் கலிபோர்னியச் சட்டப் பிரிவின் எண்ணையே பெயராக வைத்து ஒரு காட்சியைத் தொடங்கியது. நோயாளிகளின் குடும்பங்களும் மனநல அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவிக்க, சில நாட்களிலேயே அதை மூடிவிட்டார்கள்.

இது தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டாத விஷயம் அல்ல. ஒரு பெண் தனியாகப் பேசினால், தலைவிரி கோலமாக உட்கார்ந்தால், "பேய் பிடிச்சிருக்கு" என்று வேப்பிலையோடு ஓடியது எத்தனை வீட்டில்! பிரசவத்துக்குப் பின் வரும் மனத்தளர்ச்சியாக இருக்கலாம், மனச்சிதைவாக இருக்கலாம். மருந்தால் தேறக்கூடியவர்கள் மந்திரித்த கயிற்றோடு காலம் கழித்தார்கள். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டுப் பிள்ளை பேய் வீட்டுக்குள் நுழைந்து, தன் சித்தி மாதிரியே ஒருத்தி கம்பிக்குப் பின்னால் நிற்பதையும், கூட்டம் அவளைப் பார்த்து அலறிச் சிரிப்பதையும் கண்டால் அதற்கு என்ன தோன்றும்? அந்தப் பிள்ளையிடம் பேசிவிட்டுப் போவதும், தேவைப்பட்டால் அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடுவதும் பெற்றோர் கையில் இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு

மலையேறித் திரும்பி வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். தாப்பா சாலையின் வளைவுகளில் பிள்ளைகள் தூங்கிப் போவார்கள். தானா ராத்தாவைத் தாண்டினால் குளிர் ஏறும். பிரிஞ்சாங்கில் மூடுபனி தெருவிளக்கை மூடியிருக்கும். பூங்காவில் கருவி வைத்து ஊதிய புகை இங்கே காசில்லாமல் கிடைக்கிறது.

அடுத்த ஓரிரு இரவுகள் பிள்ளை விளக்கை அணைக்க விடாது. கழிவறைக்குத் துணை கேட்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். கேலி செய்யாமல் துணைக்குப் போனால் போதும். பேசச் சொன்னால் பேசிவிடும்: எந்தப் பேய் எங்கிருந்து பாய்ந்தது, அதன் பல் எப்படி ஆடிக் கழன்றது, ஓடும்போது அதன் காலில் ரப்பர் செருப்புப் போட்டிருந்தது என்று. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பள்ளிக்குப் போக மறுத்தால் தானா ராத்தா மருத்துவமனையில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மந்திரிக்கக் கூட்டிப் போகும் பாட்டியையும் கூடவே அழைத்துப் போகலாம், தடையில்லை.

பிள்ளை தூங்கிய பிறகு, அந்தப் பாட்டி வழக்கம்போல் வாசல் கதவைத் தாழிட்டு, எல்லைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படுப்பார். மறுநாள் மாலை, பேரன் பந்தை எடுக்கத் தேயிலைச் சரிவுப் பக்கம் ஓடினால், "டேய், அங்க அவ நிக்கிறா" என்று குரல் கொடுப்பார். காசு கொடுத்துப் பத்துப் பேயைப் பார்த்துவிட்டு வந்த பேரன் சிரிக்கலாம். ஆனாலும் திரும்பி வந்துவிடுவான்.